கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க எந்த வழி உங்களுக்குச் சரி?

போட்டோ எடுப்பவர்கள் நான்கு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கலரில் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்ற எது நல்லது? போன் செயலி போதுமா? லைட்ரூம் மென்பொருளுக்கு மாதாமாதம் பணம் கட்டத்தான் வேண்டுமா? கிம்ப் மாதிரி இலவச மென்பொருளில் அதே வேலை நடக்குமா? சில்வர் எஃபெக்ஸ் என்ற மென்பொருளை வாங்கினால்தான் பழைய பிலிம் தோற்றம் வருமா?

கேட்பவர்களின் தேவை ஆளுக்கு ஆள் மாறுகிறது. கல்யாண ஆல்பம் செய்பவருக்கு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படங்கள். கண்காட்சிக்கு அனுப்புபவருக்கு ஒரே படம்தான், ஆனால் அது இரண்டடி அகலத்தில் அச்சாக வேண்டும். அம்மா அப்பாவின் கல்யாணப் படம் சிவந்து வெளிறிப்போய்ப் பெட்டியில் கிடப்பவருக்கு வேண்டியது வேறு.

எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டால் தேர்வு சுலபமாகிவிடும். எந்த வழியில் மாற்றினாலும் சிவப்புக்கு ஒரு சாம்பல், பச்சைக்கு ஒரு சாம்பல், நீலத்துக்கு ஒரு சாம்பல் என்று யாரோ ஒதுக்கியாக வேண்டும். அந்த ஒதுக்கீட்டை நீங்கள் செய்கிறீர்களா, மென்பொருள் உங்களுக்காகச் செய்துவிடுகிறதா என்பதுதான் வழிகளுக்கு நடுவே இருக்கும் பெரிய வித்தியாசம். விலையும் வேகமும் அதற்கு அப்புறம்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

சாம்பல் மீது உங்களுக்கு எவ்வளவு பிடி? வானத்தை மட்டும் இருட்டாக்க முடியுமா, முகத்தைத் தொடாமல் புடவையை மட்டும் மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

திரும்பி வர முடியுமா? நாளை மனம் மாறினால் கலர் படம் பத்திரமாக இருக்கிறதா, செய்த வேலையைத் திருத்த முடிகிறதா என்பது இரண்டாவது.

படம் தாங்குமா? ஜேபெக் படத்தில் (போனும் கேமராவும் வழக்கமாகச் சுருக்கிச் சேமிக்கும் வடிவம்) ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். ரா கோப்பில் (சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பு) 12 பிட் என்றால் 4096 படிகள், 14 பிட் என்றால் 16,384. அதோடு பெரும்பாலான ஜேபெக் படங்களில் வெளிச்ச விவரம் முழுதாகவும் நிற விவரம் பாதி நுணுக்கத்திலும்தான் சேமிக்கப்பட்டிருக்கும். நிறத்தை வைத்துச் சாம்பலை இழுக்கும்போது அந்தக் குறை கட்டம் கட்டமாக வெளியே தெரியும். அதனால் இந்தக் கட்டுரையில் எந்த வழியைத் தேர்ந்தாலும், ரா கோப்பு இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.

வேகம், செலவு. பணம் ஒரு செலவு. கற்றுக்கொள்ளும் நேரம், கணினியின் பலம், ஹார்டு டிஸ்க் இடம் எல்லாமும் செலவுதான்.

படம் கடைசியில் எங்கே போகிறது? போன் திரைக்கா, ஆல்பத்துக்கா, சுவருக்கா? மற்ற எல்லாக் கேள்விகளையும் இது மாற்றிவிடும்.

## சிவப்புப் புடவை, பச்சைக் கரை: ஒரு கணக்கு

நம் ஊர்ப் படங்களில் அதிகம் மாட்டிக்கொள்வது பட்டுப் புடவை. சிவப்பு உடல், கரும்பச்சைக் கரை. கலரில் பார்த்தால் இரண்டும் கண்ணைப் பறிக்கும். கறுப்பு வெள்ளையில் என்ன ஆகும்?

டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. படம் முழுக்க ஒரு நிறத்தின் எண்களை மட்டும் எடுத்தால் அதுதான் அந்த நிறத்தின் சேனல். 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். எடுத்துக்காட்டுக்கு, புடவையின் உடல் 160, 30, 40 என்றும் கரை 20, 95, 60 என்றும் வைத்துக்கொள்வோம். இந்த இரண்டையும் நான்கு வழிகளில் சாம்பலாக்கினால் இப்படி வரும்:

| வழி | புடவையின் உடல் | கரை |
|---|---|---|
| ஃபோட்டோஷாப்பின் டிசாச்சுரேட் (நிறம் நீக்கும் கட்டளை) | 95 | 58 |
| வெளிச்ச எடைக் கணக்கு (29.9% சிவப்பு, 58.7% பச்சை, 11.4% நீலம்) | 70 | 69 |
| சிவப்புச் சேனல் மட்டும் | 160 | 20 |
| பச்சைச் சேனல் மட்டும் | 30 | 95 |

இரண்டாவது வரியைப் பாருங்கள். 70-க்கும் 69-க்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கரை காணாமல் போய் முழுப் புடவையும் ஒரே துணியாகிவிடும். பல செயலிகள் ஒரு தட்டில் செய்வது இந்தக் கணக்கையோ இதற்கு நெருக்கமான ஒன்றையோதான். மூன்றாவது வரியில் உடல் வெளிறி, கரை கறுத்துவிடுகிறது. நான்காவதில் நேர் எதிர். நான்கும் ஒரே படம்தான்.

நெற்றிக் குங்குமத்தையும் இதே மாதிரி கணக்கிடலாம். குங்குமம் 170, 25, 35 என்றும் அதைச் சுற்றியுள்ள மாநிறத் தோல் 140, 95, 70 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைச் சேனலில் தோல் 95, பொட்டு 25. அழுத்தமாக, அழகாக நிற்கும். சிவப்புச் சேனலில் தோல் 140, பொட்டு 170. அதாவது பொட்டு தோலைவிட வெளுத்துவிடும். குங்குமம் வைத்தவர் சந்தனம் வைத்தவர் போலத் தெரிவார். கோயில் மதிலின் காவி வெள்ளைப் பட்டையும் சிவப்புச் சேனலில் அழுத்தம் குறைந்து மங்கும், பச்சையில் பளிச்சென்று பிரியும்.

இந்தச் சின்னக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

## வழி 1: ஒரே சொடுக்கில் டிசாச்சுரேட், கிரேஸ்கேல்

ஃபோட்டோஷாப்பில் டிசாச்சுரேட் கட்டளை ஒவ்வொரு புள்ளியிலும் பெரிய எண்ணையும் சின்ன எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. அதனால் சுத்த மஞ்சளும் சுத்த நீலமும் ஒரே சாம்பலாகிவிடும். மஞ்சள் எவ்வளவு வெளிச்சமான நிறம், நீலம் எவ்வளவு இருட்டான நிறம் என்று கண்ணுக்குத் தெரியும். இந்தக் கணக்குக்குத் தெரியாது. சாமந்தி மாலையும் நீலச் சட்டையும் ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

கிம்பில் இதே கட்டளைக்குள் ஐந்து கணக்குகள் தரப்பட்டிருக்கின்றன. அவற்றில் லூமினன்ஸ் கண்ணின் பார்வைக்கு நெருக்கமானது. ஒரே சொடுக்குத்தான் வேண்டும் என்றால் அதை எடுங்கள்.

மறைமுகச் செலவு கிரேஸ்கேல் முறையில் இருக்கிறது. அது நிற விவரத்தைத் தூக்கி எறிந்துவிடும். அதே பெயரில் சேமித்துவிட்டால் கலர் படம் போனது போனதுதான்.

இது சரிப்படும் இடங்களும் உண்டு. காட்சியிலேயே நிறம் இல்லாதபோது, உதாரணமாக மாமல்லபுரத்துக் கருங்கல் சிற்பம், மழைமேகம், கொடைக்கானல் மூடுபனி என்றால், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக இருக்கும். அங்கே எந்த விலையுயர்ந்த மென்பொருளின் நிற ஸ்லைடரும் (ஒரு நிறத்தின் அளவை இழுத்து மாற்றும் பட்டை) பெரிதாக ஒன்றும் செய்யாது. ஒரே சொடுக்கில் மாற்றிவிட்டு, மிச்ச நேரத்தைக் கர்வ்ஸிலும் (வளைகோட்டை இழுத்து இருள், வெளிச்ச அளவை மாற்றும் கருவி), வெளிச்சம் வேண்டிய இடத்தை ஏற்றி வேண்டாத இடத்தை இறக்குவதிலும் செலவிடுங்கள்.

## வழி 2: போன் செயலி

ஸ்னாப்சீட் இலவசம். அதன் கறுப்பு வெள்ளைக் கருவியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஃபில்டர் தேர்வு இருப்பது பலருக்குத் தெரியாது. மேலே சொன்ன புடவைக் கணக்கை அங்கே ஒரு தட்டில் பார்க்கலாம். பச்சை ஃபில்டரைத் தட்டினால் பொட்டு அழுத்தமாகும், சிவப்பைத் தட்டினால் வெளுக்கும். லைட்ரூமின் போன் பதிப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்லைடரே உண்டு. இலவசமாகவே நிறையச் செய்யலாம், சில வசதிகளுக்கு மட்டும் சந்தா கேட்கும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? முதலாவது, தயார் ஃபில்டர்களில். அவை கான்ட்ராஸ்டை, அதாவது இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, தாறுமாறாக ஏற்றிவிடும். சின்னத் திரையில் எடுப்பாகத் தெரியும்; பெரிதாக்கினால் தலைமுடி ஒரே கறுப்புத் திட்டாகவும் வெள்ளை வேட்டி மடிப்பே இல்லாத காகிதமாகவும் இருக்கும். இரண்டாவது, போன் கேமரா தரும் ஜேபெக் ஏற்கெனவே நாய்ஸ் (படத்தில் மணல் மாதிரி வரும் சொரசொரப்பு) நீக்கி, கூர்மையாக்கி, நிழலைத் தூக்கிவிட்டுத்தான் உங்களிடம் வருகிறது. அதன்மேல் மறுபடி இழுத்தால் வானம் திட்டுத் திட்டாகும். மூன்றாவது, போன் திரையின் வெளிச்சம். அதில் சரியாகத் தெரியும் நிழல் அச்சில் இருண்டுபோகும்.

வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம் வரைக்கும்தான் படம் போகிறது என்றால் போனே போதும். இதற்காகக் கணினி மென்பொருள் வாங்க வேண்டாம் என்று தாராளமாகச் சொல்வேன்.

## வழி 3: சேனல் மிக்சர்

பிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கண்ணாடிகளை மாட்டினார்கள். 1927-இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் உள்ள ஹாஃப் டோம் பாறையை எடுக்கும்போது புகழ்பெற்ற நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டார். வானம் வேண்டிய அளவு இருண்டு வராது என்று உணர்ந்து அடர் சிவப்புக்கு மாறினார். வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகவே பதிவானது. சேனல் மிக்சர் அதே வேலையைப் படம் எடுத்த பிறகு செய்கிறது. சிவப்பு எத்தனை சதவீதம், பச்சை எத்தனை, நீலம் எத்தனை என்று நீங்களே கலக்கலாம். மொத்தம் 100 வந்தால் படத்தின் வெளிச்சம் பெரிதாக மாறாமல் இருக்கும்.

இந்த வழியின் பெரிய பலம், அது இலவசமாகக் கிடைப்பது. கிம்பில் மோனோ மிக்சர், டார்க்டேபிளில் கலர் காலிப்ரேஷனின் கிரே பகுதி, ரா தெரப்பியின் கறுப்பு வெள்ளைக் கருவி எல்லாம் இதைச் செய்கின்றன. ஃபோட்டோஷாப்பிலும் உண்டு. மூன்று எண்கள்தான் என்பதால் கற்றுக்கொள்வதும் சுலபம். இன்னொரு நல்ல குணம், மாற்றம் படம் முழுக்க ஒரே சீராக நடக்கிறது. அடுத்த வழியில் வரும் விளிம்புக் கோளாறுகள் இங்கே குறைவு.

எங்கே உதைக்கும்? நீலச் சேனலில். பெரும்பாலான கேமரா சென்சார்களில் பாதிப் புள்ளிகள் பச்சையைப் பார்க்கின்றன. சிவப்புக்கும் நீலத்துக்கும் கால் பங்குதான். அதனால் பச்சைச் சேனல் சுத்தமாக இருக்கும். குத்துவிளக்கு வெளிச்சத்திலும் மண்டபத்து மஞ்சள் பல்பிலும் நீல ஒளியே குறைவு. அங்கே நீலத்தைக் கூட்டினால் முகம் முழுக்க மணல் தூவிய மாதிரி நாய்ஸ் வரும். சிவப்பு 150, பச்சை −50 என்று எதிர்மறை எண் போட்டாலும் இதேதான். கூட்டல் 100 என்று கணக்குச் சரியாக இருக்கும், படம் மட்டும் சொரசொரப்பாகும்.

இன்னொரு குறை, இது படத்தை மொத்தமாகத்தான் அசைக்கும். வானத்துக்காகச் சிவப்பை ஏற்றினால் அதே படத்தில் நிற்பவரின் உதடும் பொட்டும் வெளுக்கும். ஆள் இல்லாத நிலக்காட்சிக்கும் கட்டடத்துக்கும் அது பிரச்சினை இல்லை. முகங்களுக்கு எங்கே தொடங்குவது என்று கேட்டால், சிவப்பு 35, பச்சை 55, நீலம் 10 என்று வைத்துப் பாருங்கள். சிவப்பு கூடக் கூடப் பருவும் தழும்பும் மறைந்து தோல் வழவழப்பாகும். பச்சை கூடக் கூடச் சுருக்கமும் தோலின் தன்மையும் வெளிவரும். வயதானவர் முகத்துக்குப் பச்சைப் பக்கம் சாய்வதுதான் எனக்குப் பிடிக்கும்.

## வழி 4: நிற ஸ்லைடர்கள்

2007-இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்3-இல் பிளாக் அண்ட் ஒயிட் என்று ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (படத்தைத் தொடாமல் அதன் மேல் போடும் திருத்த அடுக்கு) சேர்ந்தது. அதில் ஆறு ஸ்லைடர்கள்: சிவப்பு, மஞ்சள், பச்சை, சயான் (பச்சை கலந்த நீலம்), நீலம், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு). லைட்ரூமில் எட்டு, ஆரஞ்சும் ஊதாவும் கூடுதல். சேனல் மிக்சருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கே நீல ஸ்லைடரை இறக்கினால் நீலமாகத் தெரியும் புள்ளிகள் மட்டும் இருளும். வெள்ளைச் சுவரும் கருங்கல்லும் அசையாது. படத்தின் மேலேயே கர்சரை வைத்து இழுக்கும் வசதியும் உண்டு. புடவையின் மேல் வைத்து இழுத்தால் புடவை நிறத்துக்கான ஸ்லைடர் தானாக நகரும்.

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். லேயராகவோ ரா கோப்பின் குறிப்பாகவோ செய்வதால் கலர் படம் அப்படியே இருக்கும். பத்து வருடம் கழித்தும் திருத்தலாம். ஒரு படத்தில் பிடித்த கலவையை அதே வெளிச்சத்தில் எடுத்த மற்ற படங்களுக்கும் ஒட்டிவிடலாம்.

கையாளும்போது தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

வயலையும் மரத்தையும் மாற்ற எல்லோரும் பச்சை ஸ்லைடரைத்தான் பிடிப்பார்கள். ஆனால் நெற்பயிரும் இலையும் வெயிலில் பாதிக்கு மேல் மஞ்சளில்தான் விழுகின்றன. மஞ்சளை முதலில் நகர்த்துங்கள், பச்சையை அப்புறம்.

வானத்துக்கு நீலத்தை மட்டும் அடிவரை இறக்காதீர்கள். கோபுரத்தின் விளிம்பிலும் இலைகளின் ஓரத்திலும் வெள்ளைக் கோடு தோன்றும். வானமே படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக உடையும். நீலத்தையும் பக்கத்தில் இருக்கும் சயானையும் (லைட்ரூமில் அக்வா) சேர்த்துக் கொஞ்சமாக இறக்கி, மீதியை ஒரு மாஸ்க் போட்டு (வானப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து) இருட்டாக்குவது நல்லது. 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி விளிம்பைப் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். மத்தியான வெயிலில் புழுதியும் புகையும் சேர்ந்து வெளிறிய வானத்தில் நீலமே கிடையாது. அங்கே ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் நடக்காது.

மூன்றாவது விஷயம் தோல் நிறம். நம் தோல் பெரும்பாலும் ஆரஞ்சு ஸ்லைடருக்குள் அடங்குகிறது. அதைக் கூட்டினால் முகம் உடனே வெளுக்கும். 'பளிச்சென்று இருக்கிறது' என்று வாடிக்கையாளரும் சொல்வார். தயவுசெய்து அந்தப் பழக்கத்துக்குள் போகாதீர்கள். மாநிறமும் கறுப்பும்தான் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மிக அழகான பொருள். கன்ன எலும்பின் மேல் விழும் வெளிச்சமும் தாடையின் கீழே இறங்கும் நிழலும் அந்தத் தோலில் வருகிற மாதிரி வேறெதிலும் வராது. ஆரஞ்சைக் கூட்டிய நிமிடம் அந்த ஏற்ற இறக்கம் எல்லாம் தட்டையாகிவிடும். அதற்குப் பதிலாக ஆரஞ்சைப் பூஜ்யத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ வைத்துவிட்டு, முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். முகம் தெளியும், ஆள் மாறமாட்டார்.

மறைமுகச் செலவு, சந்தா. லைட்ரூம் கிளாசிக்கில் சந்தாவை நிறுத்தினால் படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். அதனால் முடித்த வேலையை டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் வடிவம்) கோப்பாகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. சந்தாவே வேண்டாம் என்பவர் கிம்பில் ஹியூ-சாச்சுரேஷன் கருவியில் நிறம் நிறமாக வெளிச்சத்தை மாற்றிவிட்டுப் பிறகு சாம்பலாக்கலாம். டார்க்டேபிளில் கலர் ஜோன்ஸ் அதே வேலைக்கு உதவும். சுற்றுவழிதான், ஆனால் நடக்கும். 2025-இல் வந்த கிம்ப் 3.0-இலிருந்து ஃபில்டர்களைப் பின்னால் திருத்தும்படி வைத்துக்கொள்ளவும் முடிகிறது. டார்க்டேபிள் நல்ல மென்பொருள், ஆனால் பழைய லேப்டாப்பில் மூச்சுவாங்கும். பழகவும் பொறுமை வேண்டும்.

## வழி 5: சில்வர் எஃபெக்ஸ்

கறுப்பு வெள்ளைக்கென்றே செய்த மென்பொருள் இது. நிக் சாஃப்ட்வேர் உருவாக்கியது, 2012-இல் கூகுள் கைக்குப் போனது, 2016-இல் இலவசமாகவே தரப்பட்டது, 2017-இல் டிஎக்ஸ்ஓ வாங்கி மறுபடி விலைக்கு விற்கிறது. பிலிம் வகைகளின் சாயல், பிலிம் துகள், காகித வண்ணம், ஓரிடத்தைக் குறிவைத்துத் திருத்தும் கன்ட்ரோல் பாயின்ட் எல்லாம் ஒரே இடத்தில். துகளின் தரம் மற்ற மென்பொருள்களைவிட இயல்பாக இருப்பதை அச்சில் பார்க்கலாம்.

பணம் தவிர இரண்டு செலவுகள். லைட்ரூமிலிருந்து இதற்குள் போக ஒவ்வொரு படமும் டிஃப் கோப்பாக மாற வேண்டும். 24 மெகாபிக்சல் படம் 16 பிட்டில் 144 மெகாபைட். கல்யாண வேலைக்கு இது கட்டுப்படியாகாது. இரண்டாவது, ஸ்ட்ரக்சர் ஸ்லைடர். சொர சொரவென்று எல்லா விவரத்தையும் தூக்கிக் காட்டும். மர வேலைப்பாட்டுக்கும் கல்லுக்கும் கொஞ்சம் போடலாம். முகத்தில் போட்டால் தோல் செதில் செதிலாகத் தெரியும்.

மாதத்துக்குச் சில படங்களை மட்டும் ஆழமாகச் செய்து அச்சிடுபவருக்கு இது நல்ல முதலீடு. முதல் முறையாகக் கறுப்பு வெள்ளைக்கு வருபவருக்குத் தேவையில்லை. கையில் ஸ்லைடர் பழகிய பிறகு, எது குறைகிறது என்று தெரிந்து வாங்குங்கள்.

## வழி 6: கேமராவிலேயே

பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களில் மோனோகுரோம், அதாவது கறுப்பு வெள்ளை முறை உண்டு. ஃபியூஜிஃபில்மின் ஆக்ரோஸ் என்ற கறுப்பு வெள்ளை முறை, 2016-இல் எக்ஸ்-ப்ரோ2 கேமராவோடு வந்தது, நல்ல பெயர் எடுத்தது. மஞ்சள், சிவப்பு, பச்சை ஃபில்டர் தேர்வும் அதில் இருக்கிறது. ஜேபெக் மட்டும் எடுத்தால் கலர் கிடையாது. அதனால் ராவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதியுங்கள். எடுக்கும்போது திரையில் கறுப்பு வெள்ளை, கையில் முழுக் கலர் ரா. வெளிச்சத்தையும் வடிவத்தையும் பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

2012-இன் லைக்கா எம் மோனோகுரோம் போல நிற ஃபில்டரே இல்லாத சென்சார் கேமராக்களும் உண்டு. நுணுக்கம் பிரமாதமாக இருக்கும், நாய்ஸ் குறைவாக இருக்கும். ஆனால் நிறம் பதிவாகாததால் மேலே சொன்ன ஸ்லைடர் ஒன்றும் வேலை செய்யாது. மறுபடி லென்ஸுக்கு முன்னால் கண்ணாடி ஃபில்டர்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | சாம்பல் மீது பிடி | திரும்பி வரலாமா | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஒரே சொடுக்கு | இல்லை | கவனமாக இருந்தால் மட்டும் | நிறங்கள் ஒட்டிக்கொள்ளும் | நிறமற்ற காட்சிகள் |
| போன் செயலி | ஓரளவு | செயலியைப் பொறுத்தது | அச்சில் இருள், எரிந்த வெள்ளை | சமூக ஊடகம் |
| சேனல் மிக்சர் | நல்லது, ஆனால் மொத்தமாக | லேயராகச் செய்தால் | நீலத்தில் நாய்ஸ் | பணம் செலவிட விரும்பாதவர், நிலக்காட்சி, பழைய படம் |
| நிற ஸ்லைடர் | மிக நல்லது | ஆம் | சந்தா, விளிம்புக் கோடு | பெரும்பாலானவர்கள், கல்யாண வேலை |
| சில்வர் எஃபெக்ஸ் | மிக நல்லது | டிஃப் அளவில் | விலை, டிஸ்க் இடம் | அச்சுக்குச் சில படங்கள் |
| கேமரா | குறைவு | ரா சேர்த்தால் மட்டும் | பின்னால் திருத்த இடமில்லை | பயிற்சி, உடனடி வேலை |

## உங்கள் நிலைமைக்கு

கல்யாண ஆல்பம். நிற ஸ்லைடர், லைட்ரூம் மாதிரி ஒன்றில். முகூர்த்தம், வரவேற்பு என்று வெளிச்சம் மாறும் இடங்களில் எல்லாம் ஒரு கலவை செய்து, அந்தப் பகுதி முழுவதற்கும் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் பெண்ணின் புடவைக் கரையும் நெற்றிப் பொட்டும் பிரிந்து தெரிகிறதா என்று பார்த்தால் போதும், பாதிக் குறைகள் அங்கேயே தீர்ந்துவிடும். கலர்ப் பிரதியை எப்போதும் சேர்த்தே கொடுங்கள். புடவையின் நிறத்தைக் குடும்பம் பின்னாளில் கேட்காமல் இருக்காது.

கண்காட்சி, சுவர். ரா கோப்பிலிருந்து 16 பிட்டில் நிற ஸ்லைடர், தேவைப்பட்டால் சில்வர் எஃபெக்ஸ். இங்கே மென்பொருளைவிட அச்சு முக்கியம். சாதாரண போட்டோ லேப்களில் கறுப்பு வெள்ளைப் படமும் கலர் காகிதத்தில்தான் விழுகிறது. லேசாகப் பச்சையோ மெஜந்தாவோ ஏறிவிடும். பல லேப்கள் ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலும் உள்ள) கோப்பையே எதிர்பார்ப்பதால் கிரேஸ்கேல் கோப்பாக அனுப்பாதீர்கள். பெரிய அச்சுக்கு முன் 4×6 அளவில் ஒரு சோதனை அச்சுப் போட்டு, பகல் வெளிச்சத்திலும் டியூப் லைட்டிலும் பாருங்கள். பல சாம்பல் மைகள் உள்ள இங்க்ஜெட்டில் அச்சடிக்கும் இடம் கிடைத்தால் கூடுதல் பணம் கொடுப்பது தகும்.

பைசா செலவு கூடாது, ஆனால் கணினி இருக்கிறது. ஜேபெக் என்றால் கிம்பின் மோனோ மிக்சர். ரா என்றால் ரா தெரப்பி அல்லது டார்க்டேபிள்.

சிவந்து வெளிறிய குடும்பப் படம். 1970, 80-களில் அச்சான பல கலர் படங்கள் இப்போது செம்மை ஏறிக் கிடக்கின்றன. அந்தக் காகிதத்தில் இருந்த சயான் சாயம் மற்றவற்றுக்கு முன்னால் மங்கியதுதான் காரணம். சயான் சாயத்தின் விவரம் ஸ்கேனில் சிவப்புச் சேனலில் இருக்கும், அதனால் அந்தச் சேனல் வெளிறிப்போயிருக்கும். மெஜந்தா சாயம் பெரும்பாலும் தாக்குப்பிடித்திருப்பதால் பச்சைச் சேனலில் முகமும் நகையும் இன்னும் தெளிவாக இருக்கும். எனவே இங்கே சேனல் மிக்சர்தான் சரியான கருவி: பச்சை 100, மற்ற இரண்டும் 0 என்று தொடங்குங்கள். ஸ்கேன் செய்யும்போது கிரே என்று கொடுக்காமல் கலரிலேயே, முடிந்தால் 48 பிட்டில் (ஒரு நிறத்துக்கு 16 பிட்), சின்னப் படங்களை 600 டிபிஐ அளவில் எடுங்கள். கிரேயில் எடுத்தால் ஸ்கேனரே ஒரு கலவையை முடிவு செய்துவிடும், மங்கிய சிவப்பும் அதில் கலந்துவிடும். கலரில் எடுத்த அந்த ஸ்கேனை அழிக்காமல் தனியாக வைத்திருந்தால், நிறத்தையே மீட்கும் வேலையை வேறொரு நாள் செய்துகொள்ளலாம்.